மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு: பில்லில் மட்டும் மாறிய பாகங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மோரிஸ், ஆஸ்டின், மினி என்று பழைய பிரிட்டிஷ் கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த சர்வீசுக்குப் போங்கள். "பழைய கார் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி" என்று சொல்லி வேலை பிடிக்கும் ஒரு பட்டறையில் நான் 4,600 ரிங்கிட் கட்டினேன். மூன்று வேலைகளுக்கு பில் போட்டார்கள். ஒன்றைச் செய்யவே இல்லை. இன்னொன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, பாகம் மாற்றியதாக எழுதினார்கள். மூன்றாவதைச் செய்த விதத்தில் நன்றாக இருந்த பிரேக்கும் பாழானது. பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் ஏமாற்றிய முறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

கார் 1960ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி. பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில் வாங்கியது. அக்காமார் இருவரும் இதில்தான் மகாத்மா காந்தி கலாசாலைக்குப் போய் வந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் போயின, கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா அதை அப்படி வைத்திருந்தார். ஆயிரம் சிசிக்குள் இருப்பதால் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். அவர் காலமான பிறகு பெரியம்மா சாவியை என் கையில் கொடுத்து, "வித்துடாதே ஐயா" என்றார். இந்தக் காரை வைத்து ஒருவன் ஏமாற்றினால் எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

நான் கொடுத்த வேலைகள் இவை: முன்சக்கரங்களைத் தாங்கும் மரைக் கட்டைகளான டிரனியன்களில் கீழ்ப்பக்கத்தவற்றை மாற்றுவது, நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் லைனிங் போட்டு ஆயில் மாற்றுவது, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி என்ஜின் தலையில் கடினமான வால்வ் சீட் (வால்வ் மூடும்போது வந்து உட்காரும் வளையம்) பொருத்துவது.

முதலில் பிரேக். காரை எடுத்து வந்த சில நாட்களிலேயே பெடல் கல்லாக இறுகியது. காலை எடுத்த பிறகும் சக்கரம் விடவில்லை, டிரம்மில் கை வைக்க முடியாத சூடு, தீய்ந்த வாடை. பட்டறைக்குப் போன் செய்தேன். "புது லைனிங் அப்படித்தான் இருக்கும் பாஸ், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள்.

அடுத்தது சக்கரம். தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து ஜாலான் லிந்தாங்கில் மெதுவாகத் திரும்பும்போது இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கியது. காரின் மூக்கு தாரில் உட்கார்ந்துவிட்டது. முன்சீட்டில் பெரியம்மா. நடை வேகத்தில் நடந்ததால் அவருக்குக் கைமுட்டியில் சிராய்ப்போடு போயிற்று. ஈப்போ சாலையில், லாரிகளுக்கு நடுவே, எண்பதில் போகும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

லாரியில் ஏற்றி, முன்பு தோட்டத்து டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பில்லைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு சக்கரத்தின் அடியில் குனிந்தார். "தம்பி, இங்கே வந்து பாருங்கள்" என்றார்.

மைனரின் முன்சக்கரம் ஒரு நிமிர்ந்த கிங் பின்னில் நிற்கிறது. அந்தப் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை இருக்கும், அந்த மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும் கட்டைதான் டிரனியன். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் மரையும் மரையும் உரசும். கிரீஸ் இருந்தால் பல ஆண்டு வரும். காய்ந்துபோனால் மரை தேய்ந்து, ஒரு நாள் பின் கட்டையிலிருந்து உருவிக்கொள்ளும். சக்கரம் மடங்குவது அதனால்தான். மடங்காத வலது பக்கத்து டிரனியனைப் பெரியவர் காட்டினார். புதிதுபோல் கறுப்பாக மின்னியது. நகத்தால் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே அழுக்கு, அழுக்குக்குக் கீழே துரு. கிரீஸ் நிப்பிளின் வாயை மூடி, ஒரே சீராகப் பெயின்ட் படிந்திருந்தது. கிரீஸ் துப்பாக்கியின் முனை ஒருமுறை பட்டிருந்தாலும் அந்தப் பெயின்ட் உரிந்திருக்கும். மாற்றவும் இல்லை, கிரீஸ் அடிக்கவும் இல்லை. கிரீஸ் அடிக்கும் வழியையே அடைத்திருக்கிறார்கள்.

பிறகு ஓட்டுநரின் காலடி விரிப்பைத் தூக்கி, தரையில் உள்ள சிறு மூடியைக் கழற்றினார். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் அங்கேதான் இருக்கிறது, பானெட்டுக்குள் தேடினால் கிடைக்காது. உள்ளிருந்த ஆயிலைச் சில சொட்டு எடுத்து ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டார். மேலே மிதந்தது. டாட் 3, டாட் 4 என்று விற்கும் சரியான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மிதப்பது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய், பவர் ஸ்டீயரிங்குக்கோ வேறு எதற்கோ உள்ளது. அது இயற்கை ரப்பரை ஊத வைக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகள் ஊதி, ஆயில் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொண்டதால் பிரேக் பிடித்தபடியே நின்றிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரத்துச் சிலிண்டர்கள், ஹோஸ்கள் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டியதாயிற்று. இந்த ஒன்றை அறியாமை என்று வேண்டுமானால் மன்னிக்கலாம். டிரனியனை மன்னிக்க முடியாது.

வால்வ் சீட் விஷயம் சீக்கிரம் முடிந்தது. என்ஜின் தலையைக் கழற்றாமல், கடைசல் பட்டறைக்கு அனுப்பாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. தலையை இறுக்கும் நட்டுகள் ஒன்றிலும் ஸ்பானர் பட்ட தடம் இல்லை. பெரியப்பா காலத்துப் பச்சைப் பெயின்ட் நட்டுக்கும் தலைக்கும் இடையே விரிசல்கூட விடாமல் இருந்தது. அதற்கு மட்டும் 1,800 ரிங்கிட் வாங்கியிருந்தார்கள். ஊருக்குள் நிதானமாக ஓட்டும் காருக்கு அது அவசர வேலையே இல்லை என்றும் பெரியவர் சொன்னார். வால்வ் இடைவெளியை அவ்வப்போது அளக்க வேண்டும். 0.012 அங்குலம் வைத்த பிறகும் அது திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால்தான் சீட் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்குகிறது என்று பொருள்.

பட்டறை முதலாளியை நேரில் பார்த்தேன். "அறுபது வருஷத்துக் கார், இன்னும் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார். அந்தக் கார் அறுபது வருடம் ஓடியது அதைப் பார்த்துக்கொண்டவர்களால். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இது, இதற்கு வேண்டிய டிரனியனை இன்றைக்கும் பிரிட்டனில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பாகம் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றிய பழைய டிரனியன்களைக் கேட்டேன். இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மாற்றாத பாகத்தை எந்த இரும்புக் கடைக்குப் போட முடியும்?

ஆகவே, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே பில் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். தயங்குகிற பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். கார் கைக்கு வந்ததும் முன்பக்கத்தை ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போது நின்றுவிட்டால் அது பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின்னும் டிரனியனும்தான், அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரியப்பா மாதம் ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காருக்கடியில் போய்விடுவார். நாமும் அதைச் செய்யலாம், பட்டறை வேண்டியதில்லை. பிரேக் ஆயிலைச் சீல் உடைக்காத டப்பாவாக நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். என் மனுவோடு பில், படங்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதே மாதிரி பெயின்ட் அடித்த டிரனியன் உங்கள் காரிலும் இருந்தால், அதைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.