ஹேண்டிகேம் கேசட் கன்வெர்ட் பண்ணக் குடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

பீரோவுல மினி டி.வி. கேசட் (MiniDV, ஹேண்டிகேம்ல போடுற குட்டி கேசட்; இங்க டி.வி.ன்னா டிஜிட்டல் வீடியோ, டெலிவிஷன் இல்ல) தூங்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. அந்தக் குட்டி கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்குறோம்னு சொல்ற ஒரு சர்வீஸ்ல குடுத்து நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கேன். காசு போனது ஒரு பக்கம், "டேப் பழசாயிடுச்சு சார், அதான் மங்கலா இருக்கு, இதுக்கு மேல வராது"ன்னு கூசாம சொன்னாங்க பாருங்க, அதுதான் இன்னும் ஆறவே இல்ல.

குடுத்தது பசங்க சின்ன வயசுல எடுத்த கேசட்டுங்க. திரும்பி வந்தது ஒரு பென்டிரைவ், மேல "ஃபுல் எச்டி"ன்னு ஸ்டிக்கர் வேற. போட்டுப் பார்த்தா மொத்தமா ஒரு புகை படிஞ்ச மாதிரி இருக்கு, பொண்ணு போட்டிருந்த சிவப்பு கவுன் கலர் கவுனைத் தாண்டி வெளிய வழியுது, ஓடும்போது கை காலு ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா பிரியுது, அதுவும் மெல்லிசா இல்ல, தடிமனா அலை அலையா. கேட்டா டேப்புல ஃபங்கஸ்ங்கிறாங்க. கூடவே, கொஞ்சம் எக்ஸ்ட்ரா குடுத்தா ஏஐ வச்சு கிளீன் பண்ணித் தர்றோம்னு ஒரு தூண்டில். சாம்பிள் காட்டினாங்க, பொண்ணு மூஞ்சி மெழுகு பொம்மை மாதிரி வழவழன்னு இருக்கு, கண்ணு வேற யாரோடதோ.

இங்கதான் விஷயமே இருக்கு. மினி டி.வி. டிஜிட்டல் டேப். 1995ல வந்த ஃபார்மேட், அதுல படம் நம்பராதான் பதிவாகி இருக்கு. டிஜிட்டல் டேப் வயசானா மங்காது, கலர் வழியாது. கெட்டுப்போனா கட்டம் கட்டமா உடையும், பட்டை பட்டையா பிய்யும், இல்ல படம் அப்படியே நின்னுடும். கட்டம் ஒண்ணு கூட இல்லாம முழுப் படமும் ஒரே சீரா மங்கலா இருக்குன்னா தப்பு டேப்புல இல்ல, அதை ஏத்தின வழியில.

என்ன வழின்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகல. ஒவ்வொரு ஃபைல் ஆரம்பத்துலயும் ரெண்டு மூணு செகண்ட் படத்து மேலயே எஸ்.பி.ன்னு (சாதா ஸ்பீடுல பதிஞ்சதுன்னு அர்த்தம்) எழுத்து, பிளே குறி, பக்கத்துல ஓடுற டைம்கோடு, எல்லாம் படத்தோட படமா பதிஞ்சு கிடக்கு. அது கேமரா தன் ஸ்கிரீன்ல காட்டுற எழுத்து. மஞ்சள் பின் ஏவி கேபிள்ல டீவிக்கு அனுப்பும்போதுதான் அது கூட வரும், ஃபயர்வயர்ல (டேப்புல இருக்கிற டிஜிட்டல் டேட்டாவை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்புற கனெக்‌ஷன்) வரவே வராது. அதாவது டிஜிட்டலா இருந்த படத்தை கேமரா அனலாக் ஆக்கி, அந்த ஒத்த மஞ்சள் வயர்ல வெளிச்சத்தையும் கலரையும் ஒண்ணா கலந்து அனுப்பி, ஒரு சீப்பான யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் அதைத் திரும்ப டிஜிட்டல் ஆக்கி, அப்புறம் அதை எம்பி4ஆ நசுக்கி, அதையும் இழுத்து 1080க்கு பெருசாக்கி... இத்தனை கொத்து பரோட்டா போட்டுட்டு டேப் மேல பழி.

அந்தக் கோடு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நிறைய பேரு இதை டேப் கோளாறுன்னு நினைச்சுக்கிறாங்க. பழைய கேமரா இன்டர்லேஸ் முறையில எடுக்கும், பால் (PAL, நம்ம ஊரு டீவி முறை) கேமராவுல செகண்டுக்கு 25 ஃபிரேம்னா ஒவ்வொண்ணும் ரெண்டு பாதியா, ஒத்தைப்படை கோடு ஒரு கணம், இரட்டைப்படை கோடு அடுத்த கணம். பழைய டீவியில தெரியாது, கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஒண்ணா காட்டும்போது அசையுற இடத்துல மட்டும் பல்லு பல்லா தெரியும். ஒரிஜினல் ஃபைல்ல அது இருந்தா பயமே இல்ல, நல்ல டீஇன்டர்லேஸ் ஃபில்டர் (ஒவ்வொரு பாதியையும் தனி முழுப் படமா ஆக்குறது) போட்டு 50 ஃபிரேமா மாத்தினா வழுக்கிட்டு ஓடும் (டி.வி. ஃபார்மேட்ல அந்த ரெண்டு பாதியில கீழ் ஃபீல்டுங்கிறதுதான் முதல்ல வரும், அதை மாத்திக் குடுத்துட்டா படம் உதறும், அவ்ளோதான்). ஆனா இவங்க பண்ணின மாதிரி டீஇன்டர்லேஸ் பண்ணாமலே 576 கோட்டை 1080க்கு இழுத்துட்டா ரெண்டு பாதியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு போயிடும், அதுக்கப்புறம் எவ்ளோ தலைகீழா நின்னாலும் சுத்தமா பிரிக்க முடியாது. அவங்க குடுத்த ஃபைலை சரி பண்ணிடலாம்னு உக்காராதீங்க, நேர விரயம். கேசட்டுல இருந்து திரும்ப எடுக்குறதுதான் ஒரே வழி.

நான் அதைத்தான் பண்ணினேன். ஒரு ஃபயர்வயர் கார்டு, கேமராவுல இருக்கிற சின்ன 4 பின் சாக்கெட்டுக்கு ஏத்த கேபிள், வின்டிவிங்கிற (WinDV) இத்துனூண்டு இலவச சாஃப்ட்வேர், அவ்ளோதான். புது விண்டோஸ்ல பழைய லேகசி டிரைவர் தேடிப் போட வேண்டி வரலாம். ஆப்பிள்காரங்க 2025ல வந்த மேக்ஓஎஸ் 26ல ஃபயர்வயரையே தூக்கிட்டாங்க, அதனால அப்டேட் பண்ணாத மேக் இருந்தா அதைப் பத்திரமா வச்சுக்கோங்க. இன்னொரு ஏமாத்து வேலை, ஃபயர்வயர் டு யூஎஸ்பின்னு ஆன்லைன்ல விக்கிற சாதா கேபிளை வாங்கிடாதீங்க, ரெண்டு பக்கமும் வேற வேற பின் மாட்டின வெறும் வயர் அது, ஒரு நாளும் டேப் ஏறாது.

அதே கேசட், அவங்க ஃபங்கஸ்னு சொன்ன அதே கேசட், கவுன் சிவப்பு கவுனுக்குள்ளயே இருக்கு, பின்னாடி சுவத்துல இருக்கிற காலண்டர்ல தேதி எண் எண்ணா படிக்க முடியுது. படம் எடுத்த நாள், நேரம் எல்லாம் டேப்புல டேட்டாவா இருக்கும், அதுவும் ஃபைல்ல அப்படியே வந்துடுச்சு. எம்பி4ல அதெல்லாம் போயே போச்சு.

ஒரே ஒரு கேசட்டுல மட்டும் நிஜமாவே கோளாறு. படம் குறுக்கால பட்டை பட்டையா, ஒண்ணு ஓடுது அடுத்தது உறைஞ்சு நிக்குது. அதுவும் டேப் இல்ல, டேப்பைப் படிக்கிற ஹெட்டுல அழுக்கு. கேமராவுக்குள்ள சுத்துற டிரம்ல ரெண்டு ஹெட் மாத்தி மாத்தி படிக்கும், பால் முறையில ஒரு ஃபிரேமுக்கு 12 டிராக் (டேப்புல சாய்வா பதிஞ்ச கோடு), ஒரு ஹெட் அடைச்சுக்கிட்டா பாதிப் பட்டை காலி. கிளீனிங் கேசட்டை ஒரு பத்து செகண்ட் மட்டும் ஓட்டினேன், சரியாயிடுச்சு. அதைப் போட்டு ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க, ஹெட்டைத் தேய்ச்சுடும். அங்கங்க சின்னச் சின்ன கட்டமா வந்தா அது டேப்புல டிராப்அவுட் (அந்த இடத்து டேட்டாவைப் படிக்க முடியல), அதே இடத்தை ரெண்டு மூணு தடவை ஏத்திப் பாருங்க, ஒரு தடவை உடைஞ்ச இடம் இன்னொரு தடவை சரியா வரலாம், டிவிரெஸ்க்யூன்னு (dvrescue) ஒரு இலவச டூல் அதையெல்லாம் சேர்த்து நல்லதை மட்டும் பொறுக்கிக் குடுக்கும். எல்.பி. மோடுல (நிறைய நேரம் பதிய டேப்பை மெதுவா ஓட்டுற முறை) எடுத்த கேசட்னா டிராக் குறுகலா இருக்கும், முடிஞ்சா எடுத்த அதே கேமராவுலயே போடுங்க.

இதெல்லாம் நம்மளால ஆகாது, வெளியதான் குடுக்கணும்னா, குடுக்கறதுக்கு முன்னாடி "ஃபயர்வயர்ல ஏத்தி ஒரிஜினல் டி.வி. ஃபைலே குடுப்பீங்களா"ன்னு கேளுங்க. முழிச்சாலோ, "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொன்னாலோ கேசட்டைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க. ஒரு மணி நேரக் கேசட் கிட்டத்தட்ட 13 ஜிபி வரணும், 720க்கு 576 இருக்கணும் (அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து என்டிஎஸ்சி முறை கேமரான்னா 480). எனக்கு வந்தது 2 ஜிபி கூட இல்ல. பார்க்க, ஃபோன்ல அனுப்ப எம்பி4 தனியா வாங்கிக்கலாம், தப்பில்ல, ஆனா ஒரிஜினல் கையில இருக்கணும். எச்.டி.வி. கேமரான்னா (அதே குட்டி கேசட்டுல எச்டி படம் எடுக்கிறது) இன்னும் ஜாக்கிரதை, 1440க்கு 1080ல எடுத்ததை கேமரா மெனுவுல டி.வி.யா குறைச்சு அனுப்புற செட்டிங் இருக்கு, அதை ஆன்லயே விட்டு ஏத்திடுவாங்க.

இவ்ளோத்தையும் ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டோட அவங்களுக்கு அனுப்பினேன். "மறுபடி ஃப்ரீயா பண்ணித் தர்றோம், கேசட்டைக் கொண்டு வாங்க"ன்னாங்க. எதுல ஏத்துவீங்கன்னு கேட்டேன், ரெண்டு நீல டிக் விழுந்ததோட சரி. முதல்ல டெலிவரி குடுக்கும்போது "கேசட் இனி வேண்டாம்ல சார், நாங்களே டிஸ்போஸ் பண்ணிடவா"ன்னு கேட்ட ஆளுங்க இவங்க. அதுக்கு மட்டும் யாரும் சரின்னு சொல்லிடாதீங்க.