வயிற்றுவலியும் மனக்குழப்பமும் சேர்ந்து வரும் முதியவர்: எந்த நோயை முதலில் சந்தேகிப்பது?

எழுபது வயதைக் கடந்த ஒருவர் வயிற்றுவலியோடும் திடீர் மனக்குழப்பத்தோடும் அவசரப் பிரிவுக்கு வரும்போது, குறைந்தது பத்து நோய்களாவது காரணமாக இருக்கக்கூடும். அவற்றுள் எது அதிகமாகக் காணப்படுகிறது என்பதைத்தான் நாம் வழக்கமாக முதலில் யோசிக்கிறோம். எதைத் தவறவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும், எதைப் படுக்கையருகிலேயே உடனே உறுதிசெய்யலாம் என்ற இரண்டு கேள்விகளும் அதற்கு முன்னால் வரவேண்டும் என்பது என் கருத்து.

குழப்பம் புதியதா பழையதா என்பதை வீட்டார் வாயிலாகத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் எந்த ஒப்பீட்டையும் தொடங்க முடியாது. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வது. டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமோ மணிக்கணக்கில் தோன்றி, காலையில் தணிந்து மாலையில் கூடுவது. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால், நவம்பர், அக்டோபர் என்று தொடங்கி நடுவில் அறுந்துபோய் வேறெங்கோ பார்க்கிறவரின் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். கூச்சலிட்டுக் குழாய்களைப் பிடுங்குகிறவரை யாரும் கவனிக்கத் தவறுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் கிடப்பவரைத்தான் 'தூங்குகிறார்' என்று எல்லோரும் கடந்து போகிறோம்.

இந்த வயதில் வழக்கமான தடயங்களையும் முழுமையாக நம்ப முடியாது. கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கலாம். குடலில் ஓட்டை விழுந்த பின்னும் வயிறு மெத்தென்று இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா தடுப்பு மாத்திரை நாடித்துடிப்பின் வேகத்தை மறைத்துவிடும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து வயிற்றின் இறுக்கத்தை மறைத்துவிடும்.

மிக எளிதாகச் சூட்டப்படும் பெயர் சிறுநீர்த்தொற்று. சிறுநீரில் பாக்டீரியா தெரிந்தது, ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டது, தேடல் அத்துடன் முடிந்தது என்ற வரிசையை எங்கும் பார்க்கலாம். ஆனால் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெண்களில் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை, எந்த நோயும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியாவைச் சுமக்கிறார்கள். எனவே பாக்டீரியா இருப்பது மட்டுமே குழப்பத்துக்குக் காரணம் அதுதான் என்பதற்குச் சான்றாகாது. காய்ச்சல், விலாப்பக்க வலி, சிறுநீர் கழிக்கையில் புதிதாக ஏற்பட்ட எரிச்சல், நிலையற்ற ரத்த அழுத்தம் போன்ற அறிகுறிகள் எதுவும் இல்லாதபோது, உடனே மருந்து கொடுப்பதைவிட வேறு காரணங்களைத் தேடுவதே சரி என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது.

அதன் பக்கத்திலேயே நிற்கும் போட்டியாளர் சிறுநீர்த்தேக்கம், அதாவது சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பிக் கிடப்பது. இரண்டிலும் அடிவயிறு வலிக்கும், இரண்டிலும் மனம் குழம்பும், இரண்டிலும் உடை நனைந்திருக்கலாம். நிரம்பிய பையிலிருந்து வழியும் சொட்டுகளைப் பார்த்து, 'சிறுநீர் போய்க்கொண்டுதானே இருக்கிறது' என்று வீட்டாரும் செவிலியரும் சேர்ந்தே ஏமாறுவதுண்டு. தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் உருண்டையாக ஒரு மேடு தட்டுப்படும். தட்டிப் பார்த்தால் மந்தமான ஓசை வரும். அழுத்தியவுடன் நோயாளி கையைத் தட்டிவிடுவார். சிறுநீர்ப்பை ஸ்கேன் இரண்டு நிமிடத்தில் அளவைச் சொல்லிவிடும். கத்தீட்டர் எனப்படும் சிறுநீர்க்குழாய் வழியாக எண்ணூறு மில்லிலிட்டர் வெளியேறிய சில மணி நேரத்தில், அதுவரை மகளையே அடையாளம் தெரியாதிருந்தவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கலாம். இவ்வளவு மலிவான சோதனையும் இவ்வளவு விரைவான பலனும் இந்தப் பட்டியலில் வேறெதற்கும் இல்லை என்பதால், சிறுநீர்த்தொற்றைப் பற்றி யோசிக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். தேக்கம் உறுதியானால் மாத்திரைப் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். பழைய வகை ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்புவலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை சிறுநீரையும் தேக்கும், மனத்தையும் குழப்பும். இறுகிய மலம் கூடத் தேக்கத்தை உண்டாக்கும். அது நீர்த்த மலக்கசிவாக வெளிப்பட்டு, பேதி என்று தவறாக மருந்து கொடுக்கப்படுவதும் நடக்கிறது. ஆசனவாயில் விரல்விட்டுப் பார்க்கத் தயங்குவதற்குக் காரணமே இல்லை.

மறுமுனையில் நிற்பது குடலுக்குச் செல்லும் தமனியின் அடைப்பு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருக்கும் ஒருவருக்கு, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு, இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று நகர்ந்துபோய்க் குடல் தமனியில் சிக்கினால், வலி திடீரென்று தொடங்கும், கூடவே வாந்தியோ பேதியோ வரும், நோயாளி துடிப்பார். மருத்துவர் வயிற்றைத் தொட்டால் மென்மையாகவே இருக்கும். வலியின் கடுமைக்கும் கையில் தெரிவதற்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மைதான் முதல் தடயம். குழம்பிய நோயாளியால் வலியைச் சொல்ல முடியாது என்பதால் அந்தத் தடயமும் பாதி மறைந்துபோகிறது. முகச்சுளிப்பு, முனகல், நிலைகொள்ளாத புரளல் ஆகியவற்றைத்தான் நாம் படிக்க வேண்டும். திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது ஆபத்தானது. தொடக்க மணி நேரங்களில் அது உயராமலும் இருக்கலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் குடல் அடைப்பில் வலி விட்டுவிட்டு வரும், வயிறு உப்பும், மலமும் காற்றும் நிற்கும். பழைய அறுவை சிகிச்சைத் தழும்பு இருந்தால் சந்தேகம் கூடும். மெலிந்த மூதாட்டியின் தொடை மடிப்பில் ஒளிந்திருக்கும் சிறு குடலிறக்கம், போர்வையை விலக்கிப் பார்க்காதவர் கண்ணுக்குத் தெரியாது. அடைப்பு முற்றினால் குடலின் ரத்த ஓட்டமும் நின்றுவிடும் என்பதால், இவை இரண்டும் ஒரு கட்டத்தில் ஒரே நோயாகிவிடுகின்றன.

அறுபது வயதுக்கு மேல் வாழ்வில் முதன்முறையாகச் சிறுநீரகக் கல் வலி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசிகிறதா என்று பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும். புகைபிடித்த ஆண்களிடம் இது கூடுதல். முதுகுவலி, ரத்த அழுத்தச் சரிவு, துடிக்கும் கட்டி என்ற மூன்றும் சேர்ந்திருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பலரிடம் அவை சேர்ந்து காணப்படுவதில்லை. படுக்கையருகில் செய்யும் அல்ட்ராசவுண்ட் தமனியின் விட்டத்தைத் துல்லியமாகச் சொல்லும், ஆனால் கசிவு இல்லை என்று உறுதி தராது.

பித்தநாளத் தொற்றில் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகிய மூன்றையும் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877இல் விவரித்தார். அவற்றோடு மனக்குழப்பத்தையும் ரத்த அழுத்தச் சரிவையும் ரேனால்ட்ஸும் டார்கனும் 1959இல் சேர்த்தார்கள். ஐந்தும் ஒருங்கே தெரிவது சிறுபான்மையினரிடமே. அப்படித் தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, அடைபட்ட நாளத்தைத் திறந்துவிட வேண்டும்.

வயிற்றுக்குள் எதுவும் இல்லாமலும் வயிறு வலிக்கலாம். இதயத்தின் அடிப்பரப்பில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவே தோன்றக்கூடும் என்பதால், வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். நுரையீரலின் அடிப்பகுதி நிமோனியாவும் அப்படித்தான். நீரிழிவுக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை எடுப்பவருக்குச் சர்க்கரை 200க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் அமிலத்தன்மை, அதாவது கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, ஏற்படலாம். குளுக்கோமீட்டரை மட்டும் பார்த்து அதை விலக்கிவிடக் கூடாது.

இவற்றுள் நான் அதிகம் வலியுறுத்துவது கால்சியம் மிகுதியை. மலச்சிக்கல், குமட்டல், வயிற்றுவலி, உடல்நீர் வற்றல், குழப்பம் என்று இங்கே காணப்படும் எல்லாவற்றையும் ஒற்றைக் காரணம் விளக்கிவிடும் அபூர்வ நோய் இது. அதனாலேயே வெறும் மலச்சிக்கலாகக் கருதப்பட்டு மலமிளக்கியோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. பின்னணியில் பெரும்பாலும் புற்றுநோயோ பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் செயல்பாடோ இருக்கும். ஆய்வகத் தாளில் உள்ள எண்ணை அப்படியே படிக்கக் கூடாது. மொத்தக் கால்சியம் (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) 11.4 என்று மட்டும் பார்த்தால் சற்றே கூடுதல் என்று தோன்றும். ஆனால் கால்சியத்தைச் சுமக்கும் ரத்தப் புரதமான அல்புமின் (டெசிலிட்டருக்கு கிராமில்) 2.0ஆக இருந்தால், 4.0க்குக் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 வீதம் கூட்ட, உண்மை மதிப்பு 13.0 ஆகிறது. அந்த அளவு மனத்தைக் குழப்பப் போதுமானது. புரதத்தோடு ஒட்டாமல் தனித்து உலவும் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளக்க முடிந்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை.

எனவே ஈ.சி.ஜி., ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் ரத்த வாயு அளவீடு, சிறுநீர்ப்பை ஸ்கேன், பெருந்தமனிக்கான அல்ட்ராசவுண்ட் ஆகியவை முதல் அரை மணி நேரத்துக்குள் நடக்கட்டும். வலிக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) கொடுத்தால் நோயறிதல் கெடும் என்ற பழைய தயக்கம் ஆய்வுகளில் நிலைக்கவில்லை. குறைந்த அளவில் தொடங்கிக் கொடுக்கலாம், தணியாத வலியே குழப்பத்தைக் கூட்டுகிறது. அதற்குப் பிறகும் காரணம் தெரியாவிட்டால், சாதாரண எக்ஸ்ரேயில் நேரத்தைச் செலவிடாமல் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவதே மேல். குடல் தமனி அடைப்பு சந்தேகத்தில் இருக்கும்போது, ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் சோதனை முடிவுக்காக ஸ்கேனைத் தள்ளிப்போடுவது தவறான கணக்கு. பாதிக்கப்பட்ட சிறுநீரகம் மீள வாய்ப்புண்டு, அழுகிய குடலுக்கு அந்த வாய்ப்பில்லை.