குன் கட்டிய அணை, யூ வெட்டிய வாய்க்கால்: மணல் தட்டுப் பெட்டி வாங்கலாமா?

திருகோணமலை நகரின் புத்தகக் கடையொன்றில் விற்கும் இந்தப் பெட்டி, சீனத்து யூ வெள்ளத்தை அடக்கிய பழங்கதையை மணலிலும் தண்ணீரிலும் செய்து காட்டுகிறது. 80 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பிளாஸ்டிக் தட்டு, மீன் தொட்டிக்குப் போடும் சின்னப் பம்ப், குழாய், ஒரு பைக்கற் பொடி, கையேடு. மணலை நாங்கள்தான் போட வேண்டும்.

அந்த மணலில்தான் பாதிப் பேர் பிழை விடுவார்கள். உப்புவெளிக் கடற்கரையில் அள்ளிவரக் கூடாது. உப்பு பம்பைத் தின்னும். ஆற்று மணலை 2 மி.மீ. அரிதட்டில் அரித்து, 15 கிலோ அளவில் எடுத்தால் 3 செ.மீ. தடிப்புக்குக் காணும். மணலை நனைத்துத் தட்டிவிட்டு, தட்டின் மேல் முனைக்குக் கீழே 2 செ.மீ. பலகை வையுங்கள். அதைவிடச் சரிவு கூடினால் கரை முழுதும் அரித்துக்கொண்டு போய்விடும்.

முதல் ஆட்டம் யூவின் தகப்பன் குன்னுடையது. யாவோ அரசன் ஏவியபடி 9 வருடம் அணைமேல் அணை கட்டியவன் அவன். குறுக்கே 4 செ.மீ. உயரத்துக்குக் கட்டிப் பம்பைப் போட்டால், கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அணையின் வெளிப்புற அடிவாரம் கறுத்து ஈரமாகும், பொடி மணல் மெல்ல வெளியே வரும். அடுத்து, மிகப் பதிந்த இடத்தால் நூல் மாதிரி நீர் வழியும். வெளிச்சரிவை அறுத்து அந்த வெட்டு பின்னோக்கி ஏறும். விரலகல வாய் கண்முன்னே கையகலமாகிவிடும். குன் மூடனில்லை, தேங்கும் நீருக்கு வழி வைக்காததே அவன் தோல்வி என்பது பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும். இதற்காகவே பெட்டியை வாங்கலாம்.

பொடிதான் குன் கடவுளிடம் திருடிய ‘தானே வளரும் மண்’. டயப்பருக்குள் இருக்கும் அதே நீர் உறிஞ்சும் பொருள். கடற்கரையோரக் கிணற்று உவர்நீரில் இது சரியாக ஊதாது. மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுங்கள். மணலோடு கலந்தால் அணை உயரும், ஆனால் களிபோல இளகிச் சரியும். மிச்சத்தைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றாதீர்கள், அடைக்கும்.

மகன் யூ அணைக்குப் பதில் வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டவன். அவன் ஆட்டத்தில் வாய்க்காலைக் கடல் பக்கமிருந்து, அதாவது தட்டின் கீழ் முனையிலிருந்து, மேல்நோக்கி வெட்ட வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் முகத்துவாரம் திறக்குமுன் நீர் நடுவில் தேங்கிப் பரவும்.

கையேடு பலவீனம். யூ உழைத்தது 9 வருடம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்; அது தகப்பனின் கணக்கு. பழஞ்சீன வரலாற்றாசிரியர் சிமா சியானின் நூலில் யூவுக்கு 13 வருடம், சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொல்வது 8. கி.மு. 1920 அளவில் மஞ்சள் ஆற்றின் ஜிஷி பள்ளத்தாக்கில் மண்சரிவு அணை உடைந்து பெருவெள்ளம் வந்ததாக 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வையும், யூவின் வெள்ளத்துக்கு முடிந்த முடிபான சான்றாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொடர்பை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் கதை கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு மூன்றாவது ஆட்டமும் தேவை. கையேட்டில் அது இல்லை. அதே அணையில் ஒரு ஓரத்தைப் பதித்து, ஓட்டுத் துண்டுகள் பரப்பி, மிஞ்சும் நீர் வழிந்தோடும் வான் வையுங்கள். பேனைக் குழாயொன்றை அடியில் செருகினால் துருசு, அதாவது நீரை வெளியே விடும் மதகு. மணல் குழாயோரமாக அரிக்கும் என்பதால் சுற்றிக் களிமண் அப்புங்கள். இப்போது கட்டும் நிற்கும், நீரும் போகும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த மாவட்டம் இது. அடிவாரக் கசிவைக் கவனிக்கப் பிள்ளைகள் இங்கே பழகட்டும்.

தட்டின் வெளியேறு துளை சிறிது, மணல் அடைத்துவிடும். கொஞ்சம் தென்னந்தும்பை உள்ளே வைத்தால் சரி. பம்பை ஒருபோதும் நீரில்லாமல் ஓடவிடாதீர்கள். முடிந்ததும் பம்பை நல்ல தண்ணீரில் கழுவி, அதன் பஞ்சைப் பிழிந்து நிழலில் காயவிடுங்கள்.