சோலார் பண்ணைக்கு எது தோது: விளைநிலமா, கைவிட்ட சுரங்கமா?

ஒரு மெகாவாட் சோலாருக்குச் சுமார் ஐந்து ஏக்கர் வேண்டும். நூறு மெகாவாட் என்றால் ஐந்நூறு ஏக்கர். அவ்வளவு விளைநிலத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்? அதனால்தான் பலருடைய பார்வையும் கைவிட்ட சுரங்கங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் விளைநிலம்தான் முந்துகிறது. சமதளம், ஒரே சீரான மண். இரும்புத் தூண்களை இயந்திரத்தால் வரிசையாக அடித்துக்கொண்டே போகலாம். சுரங்கக் குழியிலோ மண்ணையும் பாறையையும் கலந்து கொட்டி மூடியிருப்பார்கள். ஒரு தூண் பாதியிலேயே பாறையில் முட்டி நிற்கும். பக்கத்துத் தூண் பிடிப்பே இல்லாமல் சரசரவென்று இறங்கும். கொட்டிய மண் பல வருடங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக அமுங்கிக்கொண்டிருக்கும். வெயிலோடு திரும்பும் டிராக்கர்களின் நீளமான தண்டுக்கு இது ஆகாது. அசையாத சட்டங்களில் பேனலைப் பொருத்தினால் பயம் குறைவு. மின் உற்பத்தியும் கொஞ்சம் குறையும். உலோகச் சுரங்கத்தின் கழிவுக் குட்டை என்றால் இன்னும் சிக்கல். நச்சை மூடியிருக்கும் மண்ணைத் துளைக்கவே கூடாது. கான்கிரீட் கட்டைகளின் எடையில்தான் எல்லாம் நிற்க வேண்டும். ஆக, மலிவாகக் கிடைத்த நிலத்தின் லாபத்தை அடித்தளச் செலவு தின்றுவிடும்.

அப்புறம் ஏன் சுரங்கம்? என் கணக்கில் விடை மின்தடம்தான். பெரிய சுரங்கத்துக்கும் அதை நம்பி நின்ற அனல்மின் நிலையத்துக்கும் உயரழுத்தக் கம்பி, துணை மின்நிலையம், லாரி போகும் சாலை எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும். புதிதாகத் தடம் இழுப்பதென்றால் அனுமதிக்கே வருடங்கள் ஓடிவிடும். ஜெர்மனியில் லைப்சிக் நகருக்குத் தெற்கே, பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் எழுந்த விட்ஸ்னிட்ஸ் சோலார் பூங்கா சுமார் 650 மெகாவாட். கம்பி எட்டாத தூரத்தில் கிடக்கும் சிறு சுரங்கத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. அதைவிட ஆடுமாடு மேயாத தரிசே மேல்.

மூன்றாவதாக, தண்ணீர் நிறைந்த பள்ளம். சீனாவின் ஹுவாய்னானில் நிலக்கரி எடுத்ததால் நிலம் உள்வாங்கித் தண்ணீர் தேங்கியது. அதன்மேல் 2017-இல் 40 மெகாவாட் மிதவை சோலார் வந்தது. அங்கே அமுங்கும் மண் கவலை இல்லை, பேனலும் சூடு குறைந்து ஓடும். நீர்மட்டம் ரொம்ப ஏறி இறங்கினாலோ, தண்ணீரில் அமிலம் இருந்தாலோ நங்கூரக் கம்பிகளுக்குச் சோதனைதான்.

எந்தச் சுரங்கமானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரியை முதலில் தேடிப் படியுங்கள்: பழைய மாசு நாளை கசிந்தால் செலவு யாருடையது, சுரங்கக்காரருடையதா, சோலார் போட்டவருடையதா?