ஸ்கிரிவனர் 3: கிறிஸ்தவ நாவல் எழுதுகிறவருக்கு எந்த அளவு உதவும்?

கதையை முன்கூட்டியே வரைந்துகொள்வது ஆவியானவரின் நடத்துதலுக்குக் கதவடைப்பதாகுமா? கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் கதை எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எழத்தான் செய்யும். ஜெபித்துவிட்டு உட்கார்ந்தால் போதும், கதை வரும் என்பார்கள் ஒரு சாரார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ஐ எடுத்துக் காட்டுவார்கள் மறுசாரார். நாவல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்கிரிவனர் 3 மென்பொருளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வேர்டில் நாவல் முழுவதும் ஒரே நீளக் கோப்பு. ஸ்கிரிவனரில் ஒவ்வொரு காட்சியும் தனித்தனி. இடப்பக்கம் 'பைண்டர்' என்ற பட்டியலில் அவை வரிசையாக நிற்கும். பிடித்து இழுத்தால் இடம் மாறும். 'கார்க்போர்டு' என்ற பலகைக்கு மாறினால் அதே பகுதிகள் சிறு அட்டைகளாகத் தெரியும். அட்டையில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதலாம்.

திட்டமிடுவதில் இது எங்கே கைகொடுக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்த 1943-ல் நடக்கும் கதை. ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஈஸ்டரை ஒட்டி அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மனம் போன போக்கில் எழுதுகிறவர் ஈஸ்டரை ஏப்ரல் முதல் வாரத்தில் வைத்துவிடுவார். அந்த ஆண்டு ஈஸ்டர் வந்தது ஏப்ரல் 25-ல். பண்டிகை அதைவிடத் தள்ளி வரவே முடியாது. ஆகவே சாம்பல் புதன் மார்ச் 10, பெரிய வெள்ளி ஏப்ரல் 23. இந்த மூன்று வாரம் பிசகினால் அம்மாவின் பிரசவக் கணக்கும், பாதை வேலை முடிந்த அக்டோபருக்குள் வரவேண்டிய செய்தியும் சேர்ந்து பிசகும். இதற்கு ஸ்கிரிவனரில் வழி உண்டு. புராஜெக்ட் செட்டிங்ஸில், காட்சிகளுக்கு நாமே குறிப்புப் புலங்கள் சேர்க்கும் 'கஸ்டம் மெட்டாடேட்டா'வுக்குப் போய், தேதி வகையில் 'நாள்' என்று ஒன்றும், எழுத்து வகையில் 'திருநாள்' என்று ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்சிகளை அட்டவணையாகக் காட்டும் 'அவுட்லைனர்' பகுதியில் அவற்றை நெடுவரிசைகளாகத் திறந்து வைத்தால் ஒவ்வொரு காட்சியின் தேதியும் கண்முன் நிற்கும். வரலாற்று நாவல் எழுதுகிறவர் இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம்.

திட்டத்தை மீறி எழுத வேண்டிய இடத்துக்கு 'ஸ்நாப்ஷாட்' இருக்கிறது. மேக்கில் கமாண்ட், விண்டோஸில் கன்ட்ரோல். அதோடு 5-ஐ அழுத்தினால் அந்தக் காட்சியின் அப்போதைய வடிவம் அப்படியே பத்திரமாகிவிடும். பிறகு கதை இழுக்கும் பக்கம் துணிந்து போகலாம். சரிவரவில்லை என்றால் 'ரோல்பேக்' கொடுத்துப் பழைய வடிவத்தை மீட்கலாம். பலர் இடறுவது எங்கே என்றால், ஸ்நாப்ஷாட் ஒரு காட்சிக்குத்தான், முழு நாவலுக்கல்ல. மூன்று காட்சிகளைத் தொடப்போகிறீர்கள் என்றால் பைண்டரில் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு மெனு வழியாக எடுங்கள்.

அப்போஸ்தலர் 16-ல் பவுலின் குழு பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறது, ஆவியானவர் விடவில்லை, துரோவாவில் மக்கெதோனியா தரிசனம் வருகிறது. போகிற வழி என்று ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள். அதனால்தான் தடுக்கப்பட்டதை அவர்களால் அறிய முடிந்தது. கதையிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். திட்டமே இல்லாதவருக்குக் கதை எங்கே திரும்பியது என்பது தெரியாமலே போய்விடும். இரண்டு முறைக்கும் நம் மரபில் இடம் உண்டு. ஜான் பனியன், தாம் வேறொரு நூலை எழுதிக்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் உருவகக் கதைக்குள் விழுந்ததாகவும், இருபது கருத்துகளை எழுதி முடிப்பதற்குள் இன்னும் இருபது வந்ததாகவும் மோட்சப் பிரயாணத்தின் பாயிரத்தில் சொல்கிறார். 1678-ல் வந்த அந்த நூலைத் தழுவித்தான் பாளையங்கோட்டை ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பருவம் படலம் என்று காப்பியத்துக்குரிய கட்டுக்கோப்போடு இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அது 1894-ல் வெளிவந்தது. பெருக்கெடுத்து வந்த ஒன்று இன்னொருவர் கையில் அளந்து கட்டப்பட்டது. எதை விசுவாசக் குறைவு என்பது?

ஆனால் கார்க்போர்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. கிறிஸ்தவ நாவலுக்கு அது இரட்டிப்பு. முதல் நாளே கடைசி அட்டையில் 'மனந்திரும்புகிறான்' என்று எழுதி ஒட்டிவிடுவோம். அதன்பிறகு வரும் குடி, கடன், விபத்து எல்லாம் அவனை அந்த அட்டைக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலையைத்தான் செய்யும். வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார். லூக்கா 15-ல் மூத்த மகன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். கடைசி அட்டையில் விடை எழுதாமல் ஒரு கேள்வி எழுதுங்கள்: 'இவன் எதை விட மறுக்கிறான்?' அட்டைகளையும் அடுத்த ஐந்தாறு காட்சிக்கு மேல் போடாதீர்கள். அறுபது அட்டைக்கு நிறம் தீட்டிவிட்டு ஒரு காட்சிகூட எழுதாமல் இருப்பதற்கு இந்த மென்பொருள் தாராளமாக இடம் கொடுக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய மேக்கில் தடையில்லை. நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறையும் தமிழ்99-ம் கணினியோடே வருகின்றன. விண்டோஸில் எழுத்துருவுக்கு, அதோடே வரும் நிர்மலா போதும். சிக்கல் கடைசியில் 'கம்பைல்' செய்யும்போதுதான், அதாவது காட்சிகளையெல்லாம் ஒரே கோப்பாகத் தொகுத்து எடுக்கும்போதுதான் வரும். கம்பைல் வடிவம் தன் சொந்த எழுத்துருவைத் திணிக்கும். அது பெரும்பாலும் தமிழ் இல்லாத ஆங்கில எழுத்துரு. அங்கே தமிழ் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுங்கள். பிடிஎஃப் வேண்டுமென்றாலும் முதலில் வேர்டாக எடுத்து, கொம்பும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது. வேத வசனங்களைச் சாய்வெழுத்தில் போடாதீர்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்கு உண்மையான சாய்வு வடிவம் கிடையாது. செயற்கையாகச் சாய்த்த எழுத்து கண்ணை உறுத்தும்.

காப்புப் பிரதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தட்டச்சை நிறுத்திய இரண்டு விநாடியில் தானாகச் சேமித்துவிடும், அது சரி. ஆனால் தானியங்கிக் காப்புப் பிரதிகளில் கடைசி 5 மட்டுமே வைத்திருக்கும்படி அமைப்பு வருகிறது. கெட்டுப்போன கோப்பை ஐந்து முறை திறந்து மூடினால் நல்ல பிரதிகள் எல்லாம் போய்விடும். அதை 25 ஆக மாற்றிவிடுங்கள். விண்டோஸில் ஒரு நாவல் என்பது ஒற்றைக் கோப்பல்ல, ஒரு முழுக் கோப்புறை. உள்ளே இருக்கும் ஒரு கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் எழுதியது எதுவும் போய்ச் சேராது. 'பேக்கப் டு' கொடுத்து ஜிப்பாக அனுப்புங்கள்.

பெரிய குறை, ஆண்ட்ராய்டுக்கு ஸ்கிரிவனர் கிடையாது. எல்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி கொண்டு எழுதிப் பழகியவர்கள், எழுதியதை மின்னஞ்சலில் அனுப்பி, 'பேஸ்ட் அண்ட் மேட்ச் ஸ்டைல்' கொடுத்து ஒட்டவேண்டியிருக்கும். சாதாரணமாக ஒட்டினால் எழுத்துரு கலந்துபோகும். ஐபோன் பதிப்பு உண்டு, ஆனால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். சிறுகதை மட்டும் எழுதுகிறவருக்கு இது வேண்டியதில்லை, வேர்டே போதும்.

மாதச் சந்தா இல்லை, ஒரே முறை கட்டணம். அதற்கு முன் 30 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். திறந்த நாள்தான் கணக்கு. வாரம் இரண்டு நாள் எழுதுகிறவருக்குப் பதினைந்து வாரம் வரும். அதற்குள் மூன்று காட்சி எழுதி, கம்பைல் செய்து, தாளில் அச்சடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.