பழுதான பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: எந்தக் குறையைப் பொறுக்கலாம்?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, இன்று பெரும்பாலும் ஏதாவதொரு பழுதோடுதான் விற்பனைக்கு வருகிறது. வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைக்கப்பட்ட இந்த இரண்டு இருக்கைக் கார் ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்டது. என்ஜின் முன்னால் இருக்க, பின்சக்கரங்கள் ஓட்டும் எளிய அமைப்பு. அப்படிப்பட்ட இரண்டு கார்களை ஒரே வாரத்தில் பார்த்து, ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை வாங்கினேன். வாங்கியது, பார்வைக்கு மோசமாக இருந்த கார்.

முதலாவது 1990-ஆம் ஆண்டின் 1.6 லிட்டர் கார். புதுப் பெயிண்ட், சுத்தமான இருக்கைகள், அமைதியாக ஓடும் என்ஜின். சின்னச் சின்ன வேலைகள்தான் பாக்கி என்றார் விற்பவர். இரண்டாவது, 1.8 லிட்டர் என்ஜின் கொண்ட சற்றுப் பிந்தைய கார். அதன் சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்திருந்தது, துணிக்கூரையின் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகி விரிசல் விட்டிருந்தது, கிளட்ச் பெடல் மிதித்தால் தரையோடு தங்கிவிட்டது, என்ஜினின் மேற்பகுதியில் ‘டிக் டிக்’ என்ற சத்தம், கியர்பாக்ஸுக்குக் கீழே ஆயில் கறை. உடன் வந்த நண்பர் இதைப் பார்க்கவே வேண்டாம் என்றார்.

இந்தக் காரை உண்மையில் அழிப்பது துரு. துணிக்கூரையின் பின்விளிம்பில் சேரும் மழைநீர், சீட் பெல்ட் தூண்களுக்கு அருகே இருபுறமும் உள்ள வடிகால் குழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். சருகும் தூசியும் அந்தக் குழாய்களை அடைத்துவிட்டால், நீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்குள் தேங்கி, தகரத்தை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. வெளியே பெயிண்டில் சிறு கொப்பளம் தெரியும் நேரத்தில் உள்ளடுக்குகள் பல இடங்களில் மண்ணாகிப் போயிருக்கும். நிலையான கூரை இல்லாத காரில் உடலின் வலிமையைத் தாங்குவதில் இந்த சில்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இதைத் தோற்றக் குறையாக மட்டும் நினைக்கவே கூடாது. துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, அடுக்கடுக்காகப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, மறுபடி பெயிண்ட் அடிக்கும் செலவு, காரை வாங்கிய தொகையையே தாண்டிவிடக் கூடும்.

ஆகவே என்ஜினை முடுக்கிப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் பின்சக்கர வளைவின் முன்பகுதிதான். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை சில் நெடுக நகர்த்தினால், பட்டி போட்டு மறைத்த இடத்தில் அதன் பிடி தளர்வது கைக்கே தெரியும். (பானெட்டில் காந்தம் ஒட்டவில்லை என்று யாரும் பதற வேண்டாம், அது அலுமினியம்.) முதல் காரில் இடது சில்லின் கடைசி ஒரு சாண் அளவுக்குக் காந்தம் பிடிக்கவே இல்லை. அடியில் குனிந்து பார்த்தபோது, அதே இடத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு புதிதாக, இன்னும் வாசனை போகாமல் இருந்தது. விற்பவரின் அனுமதியுடன் வடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட கீழே வரவில்லை. டிக்கியில் பேட்டரி இருக்கும் மூலையிலும் துரு படர்ந்திருந்தது. இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், வாயுவை வெளியேற்றும் குழாய் கொண்ட பேட்டரியையே பொருத்த வேண்டும். சாதாரண பேட்டரியை வைத்தால் அமில ஆவி சுற்றியுள்ள தகரத்தைத் தின்றுவிடும்.

அந்தக் காரில் இன்னொன்றும் என் மனத்தை உறுத்தியது. 1991-இன் தொடக்கம் வரை வந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் (என்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) முனை குட்டையானது. வால்வுகளின் இயக்கத்தை என்ஜினோடு இசைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது முன்போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால், புல்லி ஆடி ஆடி, அதைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகச் சாவியும் அது அமரும் குழியும் தேய்ந்துபோகும். கிராங்க் புல்லியின் நடுவில் நான்கு வெட்டுகள் இருந்தால் பழைய முனை, எட்டு இருந்தால் பிந்தைய நீண்ட முனை. இங்கே நான்குதான் இருந்தன. புல்லி ஆடாமல் நேராகச் சுழன்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பெல்ட்டை யார், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு ரசீதும் இல்லை.

இரண்டாவது காரின் குறைகளோ ஒவ்வொன்றாக அவிழ்க்கக் கூடியவை. பெடல் தரையோடு போவதற்குக் காரணம், பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே கிளட்ச்சுக்குக் கடத்தும், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் கசிவு. கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றிவிடலாம். ‘டிக் டிக்’ சத்தம் இந்தத் தலைமுறையில் பரவலாகக் கேட்பதுதான்: வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகளுக்கு ஆயில் சரிவர ஏறாததால் வருவது, பல கார்களில் நல்ல ஆயிலை ஒழுங்காக மாற்றிய பின் தணிந்துவிடுகிறது. கியர்பாக்ஸுக்குக் கீழே தெரிந்த கறையைத்தான் நான் நெடுநேரம் ஆராய்ந்தேன். கிராங்கின் பின் ஆயில் சீல் போயிருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆனால் என்ஜின் தலையின் பின்புறத்தில், கேம் ஷாஃப்டின் சுழற்சியைக் கண்காணிக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் கெட்டிப்பட்டாலும் ஆயில் அதே வழியாகத்தான் வடிந்து அதே இடத்தில் சொட்டும். விரலை விட்டுத் தடவியதும் சென்சாரின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. ஒரு ரப்பர் வளையம்!

டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். உதிரிபாகங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எம்எக்ஸ்-5 வரிசையின் பத்து லட்சமாவது கார் 2016-இல் உருவானது. முதல் தலைமுறையைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-இல் மாஸ்டாவே ஜப்பானில் அறிவித்து, துணிக்கூரை உள்ளிட்ட சில பாகங்களை மறுபடி தயாரிக்க முன்வந்தது.

இரண்டாவது காரின் வடிகாலில் நீர் ஊற்றியபோது, முதலில் கறுத்த சேறும் இரண்டு சருகுகளும் விழுந்தன. பிறகு நீர் தெளிவாகவே இறங்கியது. இருபுறமும் அப்படித்தான். காந்தம் சில் முழுவதும் உறுதியாக ஒட்டியது. அதற்குமேல் நான் பேரம் பேசியது கிளட்ச், பெல்ட், கூரை ஆகிய மூன்றுக்கும் ஆகும் தொகையைப் பற்றி மட்டும்தான்.

கிளட்ச் வேலையும் பெல்ட்டும் ஓ-ரிங்கும் முடிந்துவிட்டன. இரண்டாவது ஆயில் மாற்றத்திற்குப் பின் டாப்பெட் சத்தமும் ஓய்ந்தது. ஸ்டீரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினாலே முன்பக்கம் இசைந்து திரும்புகிறது. குட்டையான கியர் லிவர் மணிக்கட்டின் அசைவுக்கே அடுத்த கியருக்குள் விழுகிறது. மஞ்சளான பிளாஸ்டிக் கண்ணாடி மட்டும் அப்படியே இருக்கிறது. புதுக் கூரை வரும்வரை, ஒவ்வொரு முறை மடக்கும் முன்னும் அதன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைத் தட்டையாகப் படுக்க வைக்கிறேன். மடித்தால் அந்த விரிசல் அன்றைக்கே இரண்டாகப் பிளந்துவிடும்.