ஸ்லீவ் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓட்டம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அனுபவம்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு ஓட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "முட்டி தாங்குமா?" என்றுதான். எனக்குச் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. என் அனுபவத்தில் முட்டி இரண்டாவது கவலை. முதல் கவலை தண்ணீர்.

இந்தச் சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காட்டை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். ஓடி முடித்து ஒரு போத்தல் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கும் பழக்கம் அத்தோடு போய்விடும். குடித்தால் நெஞ்சை அடைக்கும், சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடும் நம்மூரில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் தண்ணீரை வைத்துத்தான் ஓட்டத்தையே அமைத்துக்கொண்டேன். முதல் நாள் மாலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வருவேன். ஓடும்போது இடுப்பில் ஒரு சிறு போத்தல்; சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வாய், அவ்வளவுதான். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, நடை மட்டும். ஹண்ட்ரட் பிளஸ் டின்னை எல்லாரும் அன்போடு நீட்டுவார்கள். அதில் கேஸும் சீனியும் இருக்கிறது, சிறுத்த வயிற்றுக்கு ஒத்துவராது.

சரி, முட்டிக்கு வருவோம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஆகவே எடை நன்றாக இறங்கும்வரை திடலைச் சுற்றி நடந்தாலே போதும். எனக்கு மறுநாளே நடக்கச் சொன்னார்கள். ஓட்டத்துக்கு டாக்டர் தலையசைக்கப் பல மாதம் ஆனது. அதன் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினேன். வலித்தால் வீட்டில் இருக்கும் பொன்ஸ்தானைப் போட்டுவிடாதீர்கள். அந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். பாராசிட்டமோல் போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தோட்டத்துச் செம்மண் சாலை காலுக்கு இதம். ஆனால் பெரட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வரத் தொடங்கிவிடும், அதற்குள் திரும்பிவிட வேண்டும். நாய்கள் துரத்தினால் ஓடாமல் நின்றுவிடுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது புரதம் பற்றி. எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, வயிறோ இரண்டு முட்டைக்கே நிரம்பிவிடும். பருப்புத் தண்ணீரை நம்பி இருக்க முடியாது. கெம்போங் மீன், தெம்பே, கோழி என்று தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிட்டு, சோறு கடைசியில் இடம் இருந்தால் மட்டும். உட்கார்ந்து எழும் பயிற்சியையும் விடாதீர்கள்.

போன வருடம் திடீரென்று பழைய தூரமே மலையாகத் தெரிந்தது. வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். ஈப்போவில் ரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்து குறைந்திருந்தது. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் நமக்கு ஆயுசுக்கும் வேண்டும். ஓடுகிறவர்கள் அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

"என்ன தங்கச்சி இப்படி இளைச்சுப் போய்ட்டே, இனிப்பு நீரா?" என்று ரொட்டி சானாய்க் கடை அக்கா கேட்டார். சிகிச்சையைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். இப்போது அவரும் சாயங்காலம் திடலுக்கு வருகிறார்.

ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறது. பத்துக்கு ஆசை உண்டு. அவ்வளவு தூரம் ஓடுகிறவர்கள் சாப்பிடும் ஜெல் கெட்டியான சீனி. நம்மைப் போன்றவர்களுக்கு அது குடலில் சட்டென்று இறங்கி, நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டலாம். அதற்குப் பதிலாக அரை வாழைப்பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். இதுவரை வயிறு ஏற்றுக்கொள்கிறது.